கொம்பு எழுத்துக்கு நெய்வேலி பஸ் போதும்

தேவனாம்பட்டினம் போன்ற மீனவக் குடியிருப்புகளில் மாலை வகுப்பு எடுக்கும் தன்னார்வலர்களுக்கு ஒரு குறிப்பு. நான்காம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளையிடம் 247 எழுத்து அட்டவணையை மறுபடியும் நீட்டாதீர்கள். ட, ப, ம மூன்றோடு ஒரு ‘ம்’ சேர்த்தாலே படம், மடம் என்று அன்றைக்கே வாசித்துவிடும். பிறகு துணைக்கால்: பாடம், மாடம். இதெல்லாம் சுலபம்.

சிக்கல் கொம்பில்தான். ‘நெ’ எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது. ஒலிப்பதோ மெய்க்குப் பிறகு. இடமிருந்து வலமாக ஒழுங்காகப் படிக்கும் பிள்ளைதான் இங்கே அதிகம் திணறும். அதை மந்தம் என்று முத்திரை குத்துவது அநியாயம். பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சிறு அட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ‘ந’ அட்டையை முதலில் வைத்து ஒலிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகே இடப்பக்கம் கொம்பு அட்டையை வைத்து ‘நெ’ என்று சொல்லட்டும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு இரண்டையும் பழக, கடலூர் பஸ் நிலையத்தில் நிற்கும் நெய்வேலி பஸ்ஸின் பெயர்ப் பலகை போதும். தேறியவர்களுக்குச் சேத்தியாத்தோப்பு என்ற ஊர்ப்பெயர், அதில் ‘தோ’ எழுத்துக்கு இரு பக்கமும் குறி.

இன்னொன்று. பல பிள்ளைகள் பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும். நாமும் வாசிப்பதாக நம்பிவிடுவோம். ‘மேபடா’ போல அர்த்தமில்லாத சொல்லை எழுதிக் காட்டினால் உடனே தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கும் சிரிப்பு வரும். எந்தக் குறியில் தடுமாறுகிறதோ, அடுத்த வாரம் அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.