ஈஎச்வி-1: குதிரையின் மூக்கிலிருந்து 2254ஆம் எழுத்து வரை

குதிரை ஹெர்பிஸ் வைரஸின் (ஈஎச்வி-1) மரபு வரிசையில் ஒரே ஓர் எழுத்தைப் படிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. நியாயமாக நான்கு நாள் வேலை. புதிதாக ஆய்வகத்துக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிசிஆர் என்றால் என்ன, பைப்பெட்டை எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் இதில் இருக்காது.

படி 1: மாதிரி

ஈஎச்வி-1 வந்தால் காய்ச்சல், சளி, சினைக் குதிரைக்குக் கருச்சிதைவு, சிலவற்றுக்குப் பின்னங்கால் தள்ளாட்டம் என்று பல வேஷம் போடும். காய்ச்சல் கண்டதுமே மூக்கிலிருந்து நீளமான பாலியஸ்டர் ஸ்வாப், கழுத்திலிருந்து ரத்தம், இரண்டையும் எடுத்துவிடுங்கள். மரக்குச்சி ஸ்வாப் வேண்டாம். ரத்தத்துக்கு ஊதா மூடிக் குழாய், அதாவது ஈடிடிஏ. பச்சை மூடியில் இருப்பது ஹெப்பாரின்; அது பிசிஆரையே முடக்கிவிடும்.

நான் முதலில் போன லாயத்தில் ஒரு பெரியவர் இருந்தார். பெங்களூரு சிவாஜிநகர்க்காரர், நல்ல தமிழ். "தம்பி, காதைப் பின்னால மடிச்சான்னா கிட்ட போவாதே, ரெண்டு நிமிஷம் நில்லு" என்றார். எந்தக் கையேட்டிலும் இதை நான் படித்ததில்லை.

அப்புறம், தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக் தாராளமாக வையுங்கள். ஹெப்பால் மேம்பாலத்தில் மாட்டினால் எப்போது இறங்குவோம் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ரத்தம் ஐஸ்கட்டியாக உறைந்துவிடக் கூடாது.

படி 2: டிஎன்ஏ, பிசிஆர்

இது டிஎன்ஏ வைரஸ் என்பதால் வேலை பாதி மிச்சம். குதிரை இன்ஃபுளுயன்சா என்றால் அது ஆர்என்ஏ. முதலில் அதை டிஎன்ஏவாக மாற்றியாக வேண்டும். கிட் எதுவானாலும் சரி, தண்ணீர் மட்டும் போட்ட நெகட்டிவ் கன்ட்ரோல் இல்லாமல் ஒரு ஓட்டம்கூட ஓட்டாதீர்கள்.

நமக்கு வேண்டியது ஓஆர்எஃப்30 ஜீன். வைரஸ் தன்னைப் படியெடுக்கும் பாலிமரேஸ் நொதிக்கான ஜீன் இது. பிரைமர் (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சின்ன டிஎன்ஏ துண்டு) வைக்கும்போது 2254ஆம் இடம் துண்டின் நடுவில் வரட்டும். சாங்கர் முறையில் எழுத்துகளைப் படிக்கும்போது முதல் முப்பது நாற்பது எழுத்துகள் குப்பைதான்.

படி 3: எழுத்தைப் படிப்பது (நான் விழுந்த இடம்)

2254இல் ஏ இருந்தால் புரதத்தின் 752ஆம் இடத்தில் அஸ்பராஜின். ஜி இருந்தால் அஸ்பார்டிக் அமிலம். தள்ளாட்டம், பக்கவாதம் கண்ட குதிரைகளில் இந்த ஜி வகை அதிகம் கிடைத்திருக்கிறது. அதற்காக ஜி என்றாலே குதிரை படுத்துவிடும் என்றில்லை. ஏ வகையும் நரம்பைத் தாக்கியதுண்டு. ரிப்போர்ட்டில் இதை அடக்கமாகவே எழுதுங்கள்.

எனக்கு ரிவர்ஸ் வாசிப்பு மட்டும்தான் சுத்தமாக வந்தது. திறந்து பார்த்தால் அந்த இடத்தில் சி! ஏவும் இல்லை, ஜியும் இல்லை. சி என்றால் 752இல் ஹிஸ்டிடின். பிரான்சில் அப்படி ஒரு வகை ஏற்கெனவே பதிவாகியிருந்ததால் எனக்குத் தலைகால் புரியவில்லை. "மேடம், இந்தியாவிலயும் இருக்கு!" என்று வழிகாட்டியின் அறைக்கு ஓடினேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "எந்த இழையைப் படிக்கறேப்பா?"

எதிர் இழையில் சி என்றால் ஜீன் இழையில் ஜி. அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே ரிவர்ஸ் கோப்பைத் திறந்ததும் முதல் வேலை, ரிவர்ஸ் காம்ப்ளிமென்ட்: வரிசையைத் திருப்பிப்போட்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் ஜோடியை வைப்பது. பிறகு ஓஆர்எஃப்30இன் ஒப்பீட்டு வரிசையோடு சேர்த்து அடுக்குங்கள். ஜென்பேங்க் என்ற பொது மரபு வரிசைத் தொகுப்பில் ஏபி4 (ஜி வகை), வி592 (ஏ வகை) இரண்டும் இருக்கின்றன. இரண்டையுமே பக்கத்தில் வையுங்கள். கடைசியில் புரதமாக மாற்றிப் பாருங்கள். நடுவில் நிறுத்தக் குறி (புரதம் முடியும் இடம்) வந்தால் சட்டகமோ (மூன்று மூன்றாகப் படிக்கத் தொடங்கும் இடம்) திசையோ தப்பு. பிரைமர் பகுதியை வெட்டிவிட மறக்காதீர்கள். அது நீங்கள் காசு கொடுத்து வாங்கியது, வைரஸுடையது அல்ல.

மென்பொருளில் எனக்கு ஃபின்ச்டிவிதான் பிடிக்கும். பழசுதான், ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் எழும் சிகரங்களைக் கண்ணால் பார்க்க அது போதும். சிகரத்தைப் பார்க்காமல் எழுத்துக் கோப்பை மட்டும் நம்புகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

படி 4: மரம்

எந்த வைரஸ் எதற்குச் சொந்தம் என்று காட்டும் உறவு மரத்தை மெகா மென்பொருளில் போடலாம், பூட்ஸ்ட்ராப் (கிளைகளை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்கும் சோதனை) 1000. ஆனால் ஈஎச்வி-1 மெதுவாக மாறுகிற வைரஸ். சின்ன ஓஆர்எஃப்30 துண்டை வைத்து வரைந்தால் எல்லாக் கிளையும் ஒட்டிக்கொண்டு நிற்கும். இன்ஃபுளுயன்சாவின் எச்ஏ ஜீன் (வைரஸின் மேற்பரப்புப் புரதத்துக்கானது) அப்படியல்ல. 2008-09இல் இந்தியாவில் பரவிய எச்3என்8 குதிரை இன்ஃபுளுயன்சா, ஃபுளோரிடா கிளேட் 2 என்ற கிளையைச் சேர்ந்தது என்று மரத்திலேயே பளிச்சென்று தெரியும்.

பிற்சேர்க்கை

2254இல் ஏ, ஜி இரண்டு சிகரமும் ஒன்றாக வருகிறது, கலப்புத் தொற்றா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இருக்கலாம். ஆனால் முதலில் மூல மாதிரியிலிருந்தே மறுபடி டிஎன்ஏ பிரித்து, இரு திசையிலும் படிக்கச் சொன்னேன். கூடவே, உங்கள் ஆய்வகத்தில் பாசிட்டிவ் கன்ட்ரோலாக (வைரஸ் இருப்பது உறுதியான மாதிரியாக) எதை வைத்திருக்கிறீர்கள் என்றும் கேட்டேன்.

ஏபி4, அதே ஜி வகை, என்று பதில் வந்தது. இரண்டாம் முறை ஏ மட்டும்தான் வந்ததாம்.