'99 சதவீதம்' என்றால், எதில் 99?

பத்தமடைப் பாய் விற்கும் கடைக்கு வெப்சைட் செய்து தருகிறீர்கள். மென்பொருள் விற்க வந்தவர், "இது 99 சதவீதம் பேர்கிட்ட ஏற்கெனவே இருக்கு சார்" என்று சார்ட்டை நீட்டுகிறார். உடனே தலையாட்ட வேண்டாம்.

படி 1: அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள்
சர்வே எடுத்தது யார், காசு கொடுத்தது யார் என்று அங்கேதான் இருக்கும். பிரவுசரில் வீடியோ, அனிமேஷன் ஓட்ட ஒரு காலத்தில் எல்லோரும் போட்டுக்கொண்ட ஃபிளாஷ் பிளேயர் 99 சதவீதத்தை எட்டியதாக, அதை வெளியிட்ட அடோபி நிறுவனம் சொல்லிவந்த காலத்தில், சர்வே எடுத்தது மில்வர்ட் பிரவுன் என்ற ஆய்வு நிறுவனம்; எடுக்கச் சொன்னது அடோபி. அதனாலேயே அது பொய்யாகிவிடாது. எதைக் கேட்கலாம், எதை விடலாம் என்று தீர்மானிக்கும் இடத்தில் யார் இருந்தார் என்பது மட்டும் தெரிந்துவிடும்.

படி 2: எதில் 99?
இங்கேதான் நிதானம் வேண்டும். அந்த 99, இணையம் உள்ள மேசைக் கணினிகளில். அதுவும் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் போன்ற 'முதிர்ந்த சந்தை'களில். முக்கூடலும் கடையமும் அந்தக் கணக்கிலேயே கிடையாது. செல்போனும் கிடையாது. 2007ல் வந்த ஐபோனில் ஃபிளாஷ் கடைசிவரை ஓடவில்லை; ஆனாலும் ஐபோன் எத்தனை விற்றாலும் அந்த 99க்கு ஒரு கீறல்கூட விழாது. கணக்கு சரிதான், உங்கள் கடைக்கு உதவாது, அவ்வளவுதான்.

படி 3: யாரைக் கேட்டார்கள்?
ஆன்லைன் சர்வேயா? நெல்லை எக்ஸ்பிரஸுக்குள் ஏறி நின்று, "டிக்கெட் கிடைத்ததா?" என்று கேட்பது மாதிரிதான். நெட் இழுக்காமல் பாதியில் மூடியவர் கணக்கில் வரவே மாட்டார். '1,000 பேர், பிழை 3 சதவீதம்' என்று போட்டிருந்தாலும் மயங்காதீர்கள். அது குலுக்கல் முறையில் ஆள் எடுத்தால் வரும் பிழை. தவறான கூட்டத்தில் போய்க் கேட்டதை அது சரிசெய்யாது.

படி 4: எண்ணியது என்ன?
டவுன்லோடு என்றால், அப்டேட்டுக்காக ஒருவரே பலமுறை இறக்கியிருக்கலாம். எந்த பிரவுசர் எவ்வளவு பயன்படுகிறது என்று கணக்குப் போடும் ஸ்டாட்கவுண்டர் போன்றவை எண்ணுவது பக்கம் திறந்த தடவைகளை, ஆட்களை அல்ல.

படி 5: நீங்களே எண்ணுங்கள்
ஹோஸ்டிங் பேனலில் கடை வெப்சைட்டின் ஆக்சஸ் லாக், அதாவது வந்துபோனவர்களின் பதிவேடு, இருக்கும். அதில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் பார்த்தால் ஆண்ட்ராய்டா, விண்டோஸா, எந்த பிரவுசர் என்று தெரியும். ஒரு மாத லாக்காவது எடுங்கள். கூகுள் பாட் போல, ஆளில்லாமல் தானாக வந்து பக்கங்களைப் படித்துப்போகும் புரோகிராம்களின் வரிகளைக் கழித்துவிடுங்கள். சின்னக் கடை வெப்சைட்டில் பாதிக் கூட்டம் அவையாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை. மிச்சத்தில் போன் எத்தனை, கம்ப்யூட்டர் எத்தனை என்று பிரித்துக்கொண்டு, அப்புறம் அந்த விற்பனையாளரைக் கூப்பிடுங்கள்: "இதில் எத்தனை பேரிடம் உங்கள் சரக்கு ஓடும், அண்ணாச்சி?"