ஃப்ரோசன் ஷோல்டர்: வலிக்குப் பயந்து பயிற்சியை விட்டுவிடாமல் இருக்க

ஃப்ரோசன் ஷோல்டர் பயிற்சியைப் பலரும் பாதியில் விடுவதற்குக் காரணம் வலி. கையைத் தூக்கினால் சுரீரென்று இழுக்கும் என்று தெரிந்தே தினமும் மூன்று வேளை தூக்க யாருக்குத்தான் மனசு வரும்? ஆகவே மன உறுதியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. எந்தப் பயிற்சி, எவ்வளவு, எந்த நேரத்தில் என்பதைச் சரிசெய்தால் பயம் பெருமளவு குறையும்.

தோள் மூட்டைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. அது அழற்சி கண்டு, தடித்து, சுருங்கிப்போவதுதான் இந்தப் பிரச்சினை. 40 முதல் 60 வயதுக்குள் அதிகம் வரும். பெண்களுக்குக் கூடுதலாக வரும். சர்க்கரை நோயும் தைராய்டு கோளாறும் உள்ளவர்களை இது தேடி வந்து பிடிக்கும். முதலில் வலி, பிறகு இறுக்கம், கடைசியில் மெல்ல இளகுதல் என்று மூன்று கட்டமாக, பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வருடம் வரை இழுக்கும். ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்று நினைத்து இறங்குபவர்தான் சீக்கிரம் சோர்ந்துபோகிறார்.

நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். சும்மா இருக்கும்போதே வலிக்கிறது, ராத்திரி புரண்டு படுத்தால் தூக்கம் கலைகிறது என்றால் முதல் கட்டம். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தால் அழற்சி கூடும், வலியும் கூடும். வலி தணிந்து, ஒரு எல்லைக்கு மேல் கை போகாமல் கட்டை மாதிரி நின்றுவிடுகிறது என்றால் இரண்டாம் கட்டம். இழுத்துப் பிடிக்கும் பயிற்சிகளுக்கு இதுதான் நேரம். பயிற்சி என்றாலே நடுங்குபவர்களில் நிறையப் பேர் இரண்டாம் கட்டப் பயிற்சியை முதல் கட்டத்திலேயே செய்துகொண்டிருப்பார்கள்.

வலிக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வலியே இல்லாதது பூஜ்யம், தாங்கவே முடியாதது பத்து என்றால், மூன்று அல்லது நான்கு வரை போகலாம். அதைத் தாண்டினால் அங்கேயே நிறுத்துங்கள். முடித்த பிறகு கூடின வலி இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிட வேண்டும். அடங்கவில்லை, அல்லது மறுநாள் காலையில் முந்தைய நாளைவிட மோசமாக இருக்கிறது என்றால் அளவைப் பாதியாக்குங்கள். பயிற்சியை மொத்தமாக நிறுத்த வேண்டாம். கையை அசைக்காமல் மடியிலேயே வைத்திருந்தால் இறுக்கம் இன்னும் கூடும்.

அரை மணி நேரம் ஒரே மூச்சில் செய்வதைவிட, ஐந்து ஐந்து நிமிடமாக மூன்று வேளை செய்வது நல்லது. காலை வேளையை வெந்நீர்க் குளியலுக்கு அடுத்து வையுங்கள்; தசை இளகியிருக்கும், தனியாக ஒத்தடம் தேவைப்படாது. மற்ற வேளைகளில் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்கலாம். சர்க்கரை நோயால் தோலில் உணர்ச்சி மங்கியவர்கள் சூட்டை வேறொருவரை விட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். கொப்புளம் வந்த பிறகுதான் பலருக்குத் தெரியவே வருகிறது. மருத்துவர் வலி மாத்திரை எழுதியிருந்தால், அதன் பலன் இருக்கும் நேரத்தில் பயிற்சி வருகிற மாதிரி அமைத்துக்கொள்ளலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

சுலபமானதில் தொடங்கி, கடினமானதை நடுவில் வைத்து, மறுபடியும் சுலபமானதில் முடியுங்கள். கடைசியில் வலியோடு எழுந்தால் அடுத்த வேளைக்கு உடம்பே வராது.

தொடக்கத்துக்கும் முடிவுக்கும் பெண்டுலம் பயிற்சி. அமெரிக்க அறுவை மருத்துவர் காட்மன் பெயரால் அறியப்படுவது. 1934இல் இந்த நோய்க்கு ஃப்ரோசன் ஷோல்டர் என்ற பெயரைக் கொடுத்தவரும் அவரே. நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனியுங்கள். வலிக்கிற கை தளர்வாகத் தொங்கட்டும். உடம்பை லேசாக ஆட்டினால் கை தானாக ஊசலாடும். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டம், இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. கையைத் தசையால் சுழற்றினால் இதன் பயன் போய்விடும். முதல் கட்டத்தில் இருப்பவர்களுக்கு இதுவும், வலிக்காத அளவுக்குக் கையை மெல்ல அசைப்பதுமே போதும்.

இரண்டாவது, கம்புப் பயிற்சி. மல்லாந்து படுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, அடியில் மடித்த துண்டு வையுங்கள். குடையையோ துடைப்பக் கட்டையையோ இரு கையாலும் பிடித்து, நல்ல கையால் வலிக்கிற கையை வெளிப்பக்கம் தள்ளுங்கள். இழுப்பு தெரியும் இடத்தில் 15 நொடி நிறுத்தி மெல்லத் திரும்புங்கள். ஐந்து முறை. இந்த நோயில் பெரும்பாலும் முதலில் பறிபோவது இந்த வெளித்திருப்பம்தான், அதனால் அலுப்பாக இருந்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

மூன்றாவது, சுவர் ஏறுதல். சுவரைப் பார்த்து நின்று விரல்களை ஒவ்வொன்றாக மேலே நகர்த்தி, எட்டிய இடத்தில் பத்து நொடி நில்லுங்கள். இறங்கும்போதும் விரலாலேயே இறங்குங்கள். கையைச் சட்டென்று கீழே போட்டால்தான் உயிர் போகிற மாதிரி வலிக்கும். இங்கே எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: தோளைக் காதுவரை தூக்கி, முதுகைப் பின்னால் வளைப்பது. சுவரில் விரல் இரண்டு அங்குலம் ஏறியிருக்கும், தோள் மூட்டு துளியும் அசைந்திருக்காது. பக்கத்தில் கண்ணாடி இருந்தால் குட்டு வெளிப்படும்.

முன்னேற்றத்தைத் தினமும் அளக்காதீர்கள், மனசு விட்டுப்போகும். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். கூடவே, இப்போது முடியாத மூன்று வேலைகளைக் குறித்து வையுங்கள்: தலை பின்னுவது, மேல் தட்டில் இருக்கும் டப்பாவை எடுப்பது, பின் பாக்கெட்டிலிருந்து பர்ஸை உருவுவது, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிப்பது, இப்படி எதுவானாலும். கை எத்தனை பாகை (டிகிரி) உயர்கிறது என்ற கணக்கைவிட இவை ஆளை இழுத்துக்கொண்டு போகும்.

ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம். வார நாட்களில் விட்டதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சேர்த்துச் செய்பவருக்குத் திங்கட்கிழமை கை அசையாது, பயமும் இரண்டு மடங்காகும். ஒரு வாரம் விட்டிருந்தால் பாதி அளவில் ஆரம்பித்து நாலைந்து நாளில் பழைய அளவுக்கு வாருங்கள். மனசே வராத நாளில் பெண்டுலம் மட்டும் செய்யுங்கள். அது கணக்கில் சேரும்.

எண்ணெய் போட்டு ஒரே இழுப்பில் சரிசெய்கிறேன் என்பவரிடம் கையைக் கொடுக்காதீர்கள். வெடுக்கென்று இழுத்தால் தசைநார் கிழியலாம், எலும்பு முறியவும் வாய்ப்புண்டு.

ராத்திரி தூக்கம் கெட்டால் பகலில் எந்தப் பயிற்சியும் ஓடாது. வலிக்கிற பக்கம் படுக்காமல், மல்லாந்து படுத்து முழங்கைக்கு அடியில் தலையணை கொடுங்கள். அப்படியும் தூங்க முடியவில்லை என்றால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரங்களுக்கு வலி தணியும். பயிற்சியை முறையாகப் பிடித்துக்கொள்ள அந்த இடைவெளி அருமையானது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும், அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ச்சலோடு தோள் சிவந்து வீங்கினாலோ, விழுந்து அடிபட்ட பின் கை தூக்க முடியாமல் போனாலோ, கை மரத்துப்போனாலோ பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரிடம் போங்கள். தோள்வலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் 108ஐ அழைக்க வேண்டும்.