சத்தம் கூட்டினால் சப்வூஃபர் அடங்குகிறதா? ஆம்பை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

காரில் பாட்டு மெதுவாக ஓடும்போது பேஸ் கச்சிதமாக வருகிறது. வால்யூமை ஏற்றினால் நாலு அடி அடித்துவிட்டு சப் ஊமையாகிவிடுகிறது. குறைத்தால் திரும்பி வருகிறது. இதற்குக் கடையில் சட்டென்று கிடைக்கும் பதில் ‘ஆம்ப் போச்சு’, அதாவது சப்பை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர். உண்மையிலேயே போன ஆம்ப், வால்யூமைக் குறைத்ததும் இப்படி உயிர் பெறாது. ஃபியூஸ் போயிருந்தாலும் தானாகத் திரும்பாது. பெரும்பாலும் ஆம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைகிறது, அல்லது அதற்கு வர வேண்டியது வரவில்லை.

டிக்கியைத் திறந்து வையுங்கள். ஒருவரை முன்சீட்டில் உட்காரவைத்து வால்யூமை ஏற்றச் சொல்லுங்கள். சப் அடங்கும் அந்த நொடியில் ஆம்பின் விளக்கைப் பாருங்கள். விளக்கு முழுதாக அணைந்து திரும்ப எரிந்தால் கோளாறு கரன்ட், எர்த், ரிமோட் ஒயர் (ஆம்பை ஆன் செய்ய ஸ்டீரியோவிலிருந்து வரும் ஒயர்) இந்த மூன்றில் ஒன்று. ‘புரொடெக்ட்’ (பாதுகாப்பு) விளக்கு எரிந்தால் ஓம் கணக்கு (சப்பின் மின்தடை), ஷார்ட் அல்லது சூடு. சில ஆம்ப்கள் வோல்டேஜ் குறைந்தாலும் இதே விளக்கைத்தான் காட்டும். விளக்கு மாறாமல் எரிந்துகொண்டிருக்க, சத்தம் மட்டும் போனால் ஆம்பை விட்டுவிட்டு, ஸ்டீரியோவிலிருந்து சிக்னல் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயரையும் சப்பையும் பாருங்கள்.

அதிகம் மாட்டுவது கரன்ட் பக்கம்தான். திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை (மாறாமல் ஒலிக்கும் ஒற்றை பேஸ் ஒலி) போட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஆம்பின் பிளஸ், எர்த் டெர்மினல்களில் அளவு எடுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருப்பது வழக்கம். சத்தம் ஏற ஏற ஆம்பில் அது 11 வோல்ட்டை ஒட்டி இறங்கினால் பல ஆம்ப்கள் அணையத் தொடங்கும். அதே நேரம் பேட்டரியிலும் அளந்து பாருங்கள். அங்கேயும் இறங்கியிருந்தால் பேட்டரியோ ஆல்டர்னேட்டரோ ஈடுகொடுக்கவில்லை. பேட்டரியில் 13.5, ஆம்பில் 11.5 என்றால் இடையில் 2 வோல்ட்டை ஒயர் தின்றுவிட்டது.

எந்த ஒயர்? மீட்டரின் ஒரு முனையில் நீள ஒயர் ஒன்றை இணைத்துக்கொண்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் ஆம்பின் எர்த் டெர்மினலுக்கும் இடையில் சத்தம் ஓடும்போதே அளவெடுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைச் சந்தேகப்படலாம். பிளஸ் பக்கமும் இதே மாதிரி, 0.5-க்கு மேல் போகக் கூடாது.

எர்த் கெட்டிருந்தால் காரணம் அநேகமாகப் பெயின்ட். போல்ட்டை முறுக்கி இறுக்கியிருப்பார்கள். அடியில் பெயின்ட் அப்படியே இருக்கும். ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்து, தகடு வெள்ளையாகப் பளபளக்கும் வரை பெயின்ட்டை எடுங்கள். கிரிம்ப் செய்த ரிங் லக், பல்வைத்த வாஷர், போல்ட் என்று மாட்டி இறுக்கியபின், துரு ஏறாமல் மேலே பெயின்ட் அடியுங்கள். ஒயர் 45 செ.மீ.க்குள் இருக்கட்டும். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் மாட்டாதீர்கள். அது உயிரைப் பிடித்திருக்கும் போல்ட்.

பிளஸ் ஒயருக்கு ஒரு கணக்கு. 500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து கொடுக்கும் பவர்) தரும் கிளாஸ் டி ஆம்ப், 80 சதவீதத் திறன் என்று வைத்தால் முழு பவரில் ஏறக்குறைய 45 ஆம்பியர் இழுக்கும். 5 மீட்டர் நீள, தடிமனான 4 கேஜ் செம்பு ஒயரில் இதனால் விழுவது சுமார் 0.2 வோல்ட், அதைவிட மெல்லிய 8 கேஜில் அரை வோல்ட்டை எட்டும். மலிவான கிட்டில் வருவது பல நேரம் செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியம், அதில் இழப்பு இன்னும் ஒன்றரை மடங்கு. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள்: உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். பேட்டரி பக்க ஃபியூஸ் ஹோல்டரையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கே பிடிப்பு சரியில்லை. கப்பாசிட்டர் வாங்கி மாட்டுவது இதில் எதையும் சரிசெய்யாது.

ரிமோட் ஒயரைச் சோதிக்க, ஸ்டீரியோவிலிருந்து வரும் ஒயரை முதலில் கழற்றிவிடுங்கள். பிறகு 1 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த சிறு ஒயரால் ஆம்பின் பிளஸையும் ரிமோட் டெர்மினலையும் இணையுங்கள். இப்போது அணையவில்லை என்றால் குற்றவாளி அந்த ஒயர்தான்.

அடுத்தது ஓம். சப்பை ஆம்பிலிருந்து கழற்றி ஒயர் முனையில் அளந்தால் 4 ஓம் சப் 3.2 முதல் 3.8 வரை காட்டும். எழுதியிருப்பதைவிடச் சற்றுக் குறைவாக வருவது சரிதான். ஒவ்வொன்றும் 4 ஓம் உள்ள இரண்டு காயில்கள் (ஒயர்ச் சுருள்கள்) கொண்ட சப்பில், அவற்றைப் பேரலலாக இணைத்தால் 2 ஓம், சீரிஸில் 8. அப்படிப்பட்ட சப் இரண்டை முழுவதும் பேரலலாகக் கட்டினால் 1 ஓம். நான்கு சானல் ஆம்பில் இரண்டு சானலைப் பிரிட்ஜ் செய்தால் (ஒன்றாகச் சேர்த்தால்) பெரும்பாலானவை 4 ஓமுக்குக் கீழே தாங்காது. 2 ஓம் கொடுத்தால் மெதுவாகப் பாடும், ஏற்றினால் அணையும். கையேட்டில் ஒரு வரி பார்த்தால் தீர்ந்தது. பாக்ஸின் டெர்மினலில் பிரிந்து நிற்கும் ஒற்றை இழை பக்கத்து முனையைத் தொடுகிறதா என்றும் பாருங்கள்.

ஆம்பில் இருக்கும் கெயின் திருகு வால்யூம் இல்லை; உள்ளே வரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துவது. அதை முழுதாகத் திருப்பி வைப்பது பழக்கமாகிவிட்டது. சரியாக வைக்க: பேஸ் பூஸ்ட்டை அணைத்து, ஈக்வலைசரைச் சமமாக்கி, சப்பைக் கழற்றி, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வையுங்கள். 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஆம்பின் ஸ்பீக்கர் டெர்மினலில் ஏசி வோல்ட் பார்த்தபடி கெயினை மெல்லத் திருப்புங்கள். நிறுத்த வேண்டிய இடம் வாட்டையும் ஓமையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம்: 500 வாட், 2 ஓம் என்றால் 31.6 வோல்ட், 300 வாட், 4 ஓம் என்றால் 34.6. அதன்பின் 6 டெசிபல் பூஸ்ட்டைப் போட்டால் ஆம்பிடம் நான்கு மடங்கு பவர் கேட்கிறீர்கள்.

அரை மணி ஓடியபின் அணைந்து, ஆறியதும் வந்தால் சூடு. கார்ப்பெட்டுக்கு அடியிலிருந்து ஆம்பை வெளியே எடுங்கள்.

கம்பெனி ஸ்டீரியோவில் ஸ்பீக்கர் ஒயரிலிருந்து சிக்னல் எடுத்திருந்தால் இன்னொன்று உண்டு. கதவு ஸ்பீக்கர் கிழியாமலிருக்க, வால்யூம் ஏறும்போது பேஸைத் தானே குறைக்கும்படி பல ஸ்டீரியோக்கள் அமைக்கப்பட்டிருக்கும். சப் பட்டென்று நிற்காமல் படிப்படியாகத் தேய்ந்தால் இதுதான். பேஸை மீட்டுத் தரும் பிராசஸர் வேண்டும், அல்லது ஸ்டீரியோவை மாற்ற வேண்டும்.

கடைசியாக சப். ஆம்பிலிருந்து கழற்றிய நிலையிலேயே மீட்டரை ஓமில் இணைத்து, கோனின் இரு பக்கமும் உள்ளங்கையை வைத்து நேராக மெல்ல அழுத்துங்கள். அழுத்தும்போது அளவு லேசாக ஆடும். அசையாமல் பிடித்தால் நிலைக்க வேண்டும். ஏதோ ஒரு ஆழத்தில் பிடித்து நிறுத்தியும் ‘ஓஎல்’ (இணைப்பு இல்லை) என்று காட்டினால் கோனுக்குப் போகும் பின்னல் ஒயர் அறுந்து ஒட்டி ஒட்டி நிற்கிறது. சின்ன அசைவில் தொடும், பெரிய அசைவில் விலகும். மெதுவாகப் பாடி ஏற்றினால் நிற்பது இதனால்தான். சால்டர் செய்யும்போது அதே வகைப் பின்னல் ஒயரையே போடுங்கள். சாதாரண ஒயர் போட்டால் சில நாளில் அதே இடத்தில் மறுபடி அறும்.