தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு ஒயின்: வழக்கமாக நடக்கும் தவறுகள்

நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை நெருங்கும்போது அமெரிக்க ஒயின் கடைகளில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "டர்கிக்கு (வான்கோழிக்கு) எது பொருந்தும்?" முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. அன்றைக்குத் தட்டில் டர்கி மட்டுமா இருக்கிறது? இனிப்பும் புளிப்புமாகக் கிரான்பெர்ரி சாஸ், மூலிகை வாசனையோடு ரொட்டித் துண்டுகளில் செய்த ஸ்டஃபிங், வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு, மார்ஷ்மெல்லோ உருகி வழியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, லேசாகக் கசக்கும் பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரௌட்ஸ், எல்லாவற்றின் மேலும் கிரேவி. டர்கிக்கென்று அழுத்தமான தனிச் சுவை கிடையாது. பக்கத்தில் இருப்பவைதான் வாயை ஆளுகின்றன. எனவே ஒயினை முழுத் தட்டுக்கும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்த தவறுதான் அதிகம் செலவு வைப்பது. விசேஷ நாளாயிற்றே என்று கலிஃபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்கில் செய்யும், விலையுயர்ந்த, துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயினான கேபர்னே சோவின்யோனை வாங்கி வைப்பார்கள். திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும், ஓக் பீப்பாயிலிருந்தும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஒயினில் இறங்குகிறது. அது எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால்தான் வாய் வறண்டு இழுக்கிறது. கொழுப்புள்ள மாட்டிறைச்சி ஸ்டேக்கோடு குடித்தால் அந்தத் துவர்ப்பு அடங்கிப் போகும். டர்கியின் நெஞ்சுக்கறியிலோ கொழுப்பு மிகக் குறைவு. கொஞ்சம் அதிகமாக வெந்தால் அதுவே வறண்டுவிடும். வறண்ட கறி, வறட்டும் ஒயின், அதோடு கிரான்பெர்ரியின் இனிப்பும் சேர்ந்தால் அந்த நல்ல பாட்டில் கசப்பாகத்தான் தெரியும். குறை ஒயினில் இல்லை. ஸ்டேக் சமைக்கும் நாளுக்கு அதை எடுத்து வையுங்கள்.

இந்தச் சாப்பாட்டுக்குத் துவர்ப்பு குறைந்த, நல்ல புளிப்புள்ள சிவப்பு ஒயின் வேண்டும். பினோ நுவார் பலருக்கும் தெரிந்ததுதான். என் முதல் தேர்வு ஃபிரான்சின் போஜொலே பகுதியில் காமே திராட்சையில் செய்யும் ஒயின். ஆனால் இங்கேயும் ஒரு குழப்பம் உண்டு. போஜொலே நூவோ அந்த வருட அறுவடையில் சில வாரங்களிலேயே தயாராகி, நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை, அதாவது தேங்க்ஸ்கிவிங்குக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், விற்பனைக்கு வருகிறது. பழச்சாறு போல எளிமையான, சந்தோஷமான ஒயின் அது. அதைக் குடித்துவிட்டு, "போஜொலே என்றாலே இவ்வளவுதான்" என்று முடிவு கட்டுவது சரியில்லை. அதே பகுதியில் மோர்கோன், ஃப்ளூரி, மூலான்-ஆ-வான் என்று தனிப்பெயர் பெற்ற பத்துப் பகுதிகள் இருக்கின்றன. அந்த பாட்டில்களில் இந்தப் பெயர்தான் பெரிதாக இருக்கும், போஜொலே என்ற சொல் கண்ணிலேயே படாமல் போகலாம். கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்தால் ஆழமான ஒயின் கிடைக்கும், டர்கியையும் அது அமுக்காது. அப்புறம், போன வருட நூவோ மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். சில மாதங்களுக்குள் குடித்து முடிக்கவேண்டிய சரக்கு அது.

வெள்ளை ஒயின் மீனுக்கு மட்டும்தான் என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் அந்தத் தட்டில் உள்ள எல்லாவற்றோடும் ஒத்துப்போகும், ஹாம் (பதப்படுத்திய பன்றித்தொடைக் கறி) இருந்தால் இன்னும் பொருத்தம். டர்கிக்கு மிளகாயும் மசாலாவும் தடவி, பக்கத்தில் பிரியாணியும் வைக்கிற நம் வீடுகளில் இதை நான் அழுத்திச் சொல்வேன். ஆல்கஹால் காரத்தைக் கிளப்பிவிடும், 14.5 சதவீத சிவப்பு ஒயினோடு காரமான கறி சாப்பிட்டால் வாய் எரியும். ஜெர்மனியின் மோசல் பகுதி ரீஸ்லிங்கில் காபினெட் என்று போட்ட பாட்டில்களில் பலவும் 8, 9 சதவீதம்தான். லேபிளில் 'ட்ரோக்கன்' என்று இருந்தால் அது இனிப்பில்லாத வகை, அதைக் காரத்துக்கு எடுக்க வேண்டாம்.

கடைசியில் பூசணியில் செய்த பம்ப்கின் பையோ, பெக்கன் கொட்டை போட்ட பெக்கன் பையோ இனிப்புப் பண்டமாக வரும் நேரத்தில் ஷாம்பெயினைத் திறந்து வாழ்த்துச் சொல்வது பார்க்க அழகாக இருக்கும், நாக்குக்குப் பிடிக்காது. இனிப்புப் பண்டத்தைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும். ஷாம்பெயின் லேபிளில் புரூட் என்று இருந்தால் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரை. அதை விருந்தினர் வந்து சேரும்போது, உப்புப் போட்ட கொட்டைகளோடு திறங்கள். இனிப்பு தேடி 'எக்ஸ்ட்ரா டிரை' வாங்குகிறவர்களும் ஏமாறுவார்கள். அது புரூட்டைவிடச் சற்றே இனிப்பு, பைக்கு அது போதாது. கடைசியில் இத்தாலியின் இனிப்பான, லேசாக நுரைக்கும் ஒயினான மொஸ்காட்டோ தாஸ்தி நன்றாக இருக்கும். ஐந்து சதவீதம் போலத்தான் ஆல்கஹால், வயிறு நிறைந்த பிறகும் கனக்காது. பெக்கன் பைக்குப் போர்ச்சுகலின் இனிப்பு ஒயினான டானி போர்ட்.

நல்ல ஒயினையும் வெப்பநிலை கெடுத்துவிடும். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்கிறார்கள். ஹீட்டர் ஓடி, அடுப்பும் காலையிலிருந்து எரிகிற வீட்டில் அறையே 23, 24 டிகிரி செல்சியஸ் இருக்கும். அதில் ஆல்கஹால் வாசம் தூக்கலாக வரும். பினோ, காமே போன்றவற்றுக்கு 13 முதல் 15 டிகிரி நல்லது. பரிமாறுவதற்கு முன் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெள்ளைக்கு இதற்கு நேர்மாறு: ஃப்ரிட்ஜ் குளிரில் வாசனை அடங்கிக் கிடக்கும், கால் மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, 750 மில்லி பாட்டிலில் ஐந்து கிளாஸ் வரும். குடிக்கிற இரண்டு பேருக்கு ஒரு பாட்டில் என்று வைத்துக்கொண்டு, கூடுதலாக ஒன்று வாங்கினால் நல்லது. கார்க் கெட்டு ஈர அட்டைப்பெட்டி வாசம் அடிக்கும் பாட்டில் எப்போதாவது வந்து சேரும், அன்றைக்குப் பல கடைகள் மூடியிருக்கும். குடிக்காதவர்களுக்கும் வண்டி ஓட்டப் போகிறவர்களுக்கும் ஆல்கஹால் இல்லாத ஸ்பார்க்லிங் ஆப்பிள் சைடரை அதே நல்ல கிளாஸிலேயே ஊற்றிக் கொடுங்கள். மீந்த ஒயினை, சிவப்பாக இருந்தாலும், மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். வெள்ளிக்கிழமை டர்கி சாண்ட்விச்சுக்கு ஆகும்.