கோஹாவில் தமிழ்த் தேடல்: என் அனுபவம்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். நூல்களைப் பதிந்து தேட நாங்கள் பயன்படுத்துவது கோஹா, 2000-ஆம் ஆண்டு நியூசிலாந்தில் பயன்பாட்டுக்கு வந்த இலவச நூலக மென்பொருள்.

ஒருநாள் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் 'பொருநை' என்று தேடினார். ஒன்றும் வரவில்லை. "தம்பி, புத்தகம் அலமாரியில இருக்குல்லா, இது இல்லங்குதே" என்றார். எனக்கு மனசே கேட்கவில்லை. அந்தப் புத்தகத்தைப் பதிந்ததே நான்தான்.

பதிவைத் திறந்தால் எழுத்துகள் சரியாகவே இருந்தன. கோளாறு தேடல் பகுதியில். எங்கள் கோஹாவில் தேடலைக் கவனிப்பது ஸீப்ரா என்ற தேடல் மென்பொருள். அது சொற்களைப் பிரிக்க இரண்டு வழி உண்டு. சிஎச்ஆர் முறை எழுத்துப் பட்டியலை வைத்து வேலை செய்கிறது. ஆங்கிலத்துக்குப் போதும், தமிழுக்குச் சரிவராது. ஐசியு முறை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு விதிகளின்படி பிரிக்கும். எங்களிடம் இருந்தது முதல் வகை.

முதலில் காப்பு நகல் எடுத்துக்கொண்டேன், இதை மட்டும் விடவே கூடாது. ஸீப்ராவின் அமைப்புக் கோப்பில் சொல், சொற்றொடர் இரண்டுக்கும் சிஎச்ஆர் வரிகளை எடுத்துவிட்டு ஐசியு வரிகளைப் போட்டேன். ஸீப்ராவை நிறுத்தித் தொடங்கினேன். தேடினேன், பழைய கதைதான்! கோப்பை மாற்றினால் மட்டும் போதாது, தேடலுக்காக ஸீப்ரா முன்பே தொகுத்த பழைய சொல் அட்டவணை அப்படியே இருக்கும். எல்லாப் பதிவுகளுக்கும் அட்டவணையை முதலிலிருந்து உருவாக்கும் கட்டளையைக் கொடுத்த பிறகுதான் 'பொருநை' வந்தது. அப்புறம் மேலாண்மைப் பக்கத்தில் தேடலில் ஐசியுவுக்கு ஏற்ற மேற்கோள்குறியைப் பயன்படுத்தும்படி அதற்கான அமைப்பையும் மாற்றினேன்.

மறுநாள் வாத்தியாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். சாயங்காலமே வந்து எடுத்துப் போனார்.