இந்தோ-ஆரிய மொழிகளைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தி, வங்காளி, பஞ்சாபி, சிங்களம் முதலியவை அடங்கிய மொழிக்குடும்பத்தையே இந்தோ-ஆரியம் என்கிறோம். 'ஆரியம்' என்று மொழிக்கு வைத்த பெயரை இரத்தத்துக்கு வைத்த பெயராகப் படிப்பதுதான் இத்துறையின் முதல் தவறு. மற்றவை பலவும் அதிலிருந்தே கிளைக்கின்றன. ஆரிய இனம், ஆரிய இரத்தம் என்று பேசும் மானிடவியலாளர், மண்டையோட்டின் வடிவத்தை அகராதிக்கு ஏற்றி 'நீள்மண்டை அகராதி' என்று பேசும் மொழியியலாளருக்கு ஒப்பான பிழை செய்கிறார் என 1888இலேயே மொழியறிஞர் மாக்ஸ் முல்லர் கடிந்து எழுதியும் அந்தப் பழக்கம் ஓயவில்லை. இம்மொழிகளைப் பேசுவோர் ஒரே சமயத்தவரோ, நால்வருணம் என்னும் ஒரே அடுக்கில் அடங்குவோரோ அல்லர். திவேஹி பேசும் மாலத்தீவினர் முஸ்லிம்கள். சிங்களவருள் பெரும்பாலோர் பௌத்தர்.

அடுத்தது, இவையெல்லாம் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் என்னும் கூற்று. பள்ளிப் பாடம்போல் இது நம் மனத்தில் பதிந்துவிட்டது. எனினும் உறவுமுறை இவ்வளவு நேரானதன்று. 'இங்கே' என்பதற்குச் சமஸ்கிருதத்தில் 'இஹ' என்கிறோம். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியிலோ, 'தர்மம்' என்பதன் முதலெழுத்தைப் போல ஒலிக்கும் தகரத்தோடு 'இத' என்று வருகிறது. அந்தத் தகரம் தேய்ந்து ஹகரமாவது இயல்பு, ஹகரம் மீண்டும் தகரமாவது இயல்பன்று என்பதால், இந்தச் சொல்லில் பாலி காத்திருப்பதே பழைய வடிவம். ஆகவே வேத மொழியோடு ஒட்டிப் பிறந்த வேறு வட்டார வழக்குகளும் இருந்தன, பிராகிருதங்கள் எனப்படும் பழைய பேச்சுவழக்கு மொழிகள் அவற்றிலிருந்தும் வளர்ந்தன என்று கொள்வதே பொருந்தும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் தம் மக்களுக்குப் பிராகிருதத்தில் கல்வெட்டு வெட்டினார் என்பதையும், சமஸ்கிருதத்தில் அமைந்த நீண்ட கல்வெட்டுக்கு ஏறத்தாழ கி.பி. 150இல் உருத்திரதாமன் என்னும் அரசன் குஜராத்தின் ஜூனாகட்டில் வெட்டியதுவரை காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

வடக்கில் உள்ளவர் அனைவரும் இந்திக்காரர் என்பது நம்மூரில் மிகுதியாகக் காணும் பிழை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியின் கீழ்க் காட்டும் சுமார் 52.8 கோடிப் பேரில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் போஜ்புரியைத் தாய்மொழியாகக் கூறியவர்கள். மொழியியலாளர் பலர் போஜ்புரியை வங்காளி சேர்ந்த கிழக்குக் கிளையில் வைக்கின்றனர். அதன் அண்டை மொழியான மைதிலி, 2003ஆம் ஆண்டின் 92ஆவது திருத்தத்தால் அரசமைப்புச் சட்டத்தின் மொழிப் பட்டியலான எட்டாவது அட்டவணையில் தனியிடம் பெற்றது; போஜ்புரிக்கு அது வாய்க்கவில்லை. அட்டவணையை மொழியியல் சான்றாகக் கொள்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த இரு மொழிகளே போதும். அதே வடக்கில் ஜார்க்கண்டின் குடுக்கு திராவிட மொழி, சந்தாலி இவ்விரண்டிலும் சேராத முண்டா மொழி.

எழுத்தை வைத்து மொழியைப் பிரிப்பதும் வேண்டா. பஞ்சாபி இந்தியாவில் குர்முகி எழுத்திலும் பாகிஸ்தானில் அரபு-பாரசீக வழிவந்த ஷாமுகி எழுத்திலும் எழுதப்படுகிறது, மொழி ஒன்றே.

நிலப்படத்தில் இம்மொழிகளை விந்தியத்துக்கு வடக்கே மட்டும் அடைத்துக் கோடு போட்டு முடித்துவிடுவதும் உண்டு. மதுரையில் சௌராஷ்டிரர் வீட்டில் பேசுவது இந்தோ-ஆரிய மொழி என்பதைத் தமிழ் வாசகர் மறக்கலாகாது. ஐரோப்பாவில் ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்கள் பேசும் ரோமானியும் இக்குடும்பத்தினதே. அவர்கள் எண்ணும்போது 'தூய், த்ரின், ஷ்தார், பஞ்ச்' என்பவை நமக்குப் பழகிய ஒலிகளாகவே கேட்கின்றன; ஏழு, எட்டு, ஒன்பதுக்கு மட்டும் 'எஃப்தா, ஓஹ்தோ, எஞா' எனக் கிரேக்கச் சொற்கள் வந்து, பத்துக்கு மீண்டும் 'தெஷ்' என்கின்றனர். அவர்களின் முன்னோர் கிரேக்கம் பேசிய நிலத்தில் நெடுங்காலம் தங்கிய வரலாறு அந்த மூன்று எண்களில் அப்படியே நின்றுவிட்டது.